நூற்றாறாவது பெருமாள்

ஸ்ரீ

சித்திரை 10, செவ்வாய். கோரக்பூர்.

இரண்டரை நாள் ரயில் முடிந்தது. இறங்கியதும் சாமான்களை எண்ணினேன். பதினொன்று. வீட்டில் ஏற்றியது பத்து. கூடுதலாக வந்தது சம்பந்தியம்மாளின் ஈரச் சாக்குப் பொட்டலம். என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்வார்கள், சொன்னால் அரை மணி நேரம் ஆகும்.

புது நோட்டு என்பதால் முறையாக ஆரம்பிக்கிறேன். நான் குழைக்காதவல்லி, வயது அறுபத்திரண்டு, ஊர் தென்திருப்பேரை. படிப்பு ஐந்தாவது. மிச்சத்தை மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் படித்துக் கற்றேன். வீட்டு வரவு செலவை நாற்பத்தொரு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதிவருகிறேன். பிரசவத்தன்றுகூட எழுதினேன்: 'வரவு: ஆண் குழந்தை ஒன்று.'

இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறேன். ஆழ்வார்கள் பாடிய பெருமாள் கோயில்கள் நூற்றெட்டு. அதில் இரண்டு பூமியில் இல்லை. அவற்றுக்கு ரயில் கிடையாது, உயிரை விட்டால்தான் டிக்கெட். மீதி நூற்றாறில் நூற்றைந்தை இருபத்தேழு வருஷத்தில் சேவித்து முடித்தேன். பாக்கி ஒன்றுதான், நேபாளத்தில், இமயமலைக்குள்ளே இருக்கிற முக்திநாத். அதைச் சேவித்துவிட்டால் கணக்கின் கீழே இரட்டைக் கோடு போட்டுவிடலாம். எனக்கு வேறு ஆசை இல்லை.

யாத்திரைக் குழுவில் மொத்தம் இருபத்திரண்டு பேர். எங்கள் வீட்டில் மூன்று. ஒருவர் என் வீட்டுக்காரர். பெயரை வாயால் சொல்ல மாட்டேன், எழுதுவதில் தப்பில்லை: சடகோபன். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் சம்பந்தியம்மாள், அதாவது என் மருமகளின் அம்மா, பூங்கோதை, நாங்குநேரி. நான் அழைக்கவில்லை, மகன் அழைத்தான். "அத்தைக்கும் ஒரு மாறுதலா இருக்கும்லாம்மா" என்றான். மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் வீட்டுக்காரர் தவறிவிட்டார். மாறுதல் வேண்டியதுதான். அதை ஏன் என் பக்கத்து சீட்டில் உட்கார்த்திவைத்தான் என்பதுதான் தெரியவில்லை.

அவர்களுக்கு என் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. இருக்கக் காரணமும் இல்லை.

சித்திரை 11, புதன். போக்கரா.

ஈரச் சாக்கில் இருந்தது மருதாணி இலை.

நேற்றுச் சாயங்காலம் லாட்ஜில் அதை எங்கள் குழுச் சமையல்காரரின் மிக்சியில் போட்டு, கிராம்பு, பாக்கு, இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு அரைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"எனக்கு எதுக்கு மைனி இந்த வயசுல?" என்றேன். (ஒருவரை ஒருவர் மைனி என்றுதான் கூப்பிடுவோம்.)

"பெருமாளப் பாக்கப் போறிய. கைய வெறுமனே வச்சிக்கிட்டா போவிய? நீட்டுங்க."

பத்து விரலுக்கும் தொப்பி வைத்து, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டை வீட்டுக்காரர் ஊட்டினார். மூக்கு அரித்தது, அதற்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. "மேலே, மேலே, இன்னும் இடது பக்கம்" என்றதற்கு, "மீட்டர் போர்டு மாதிரி எங்கேயோ மூலையில வச்சிருக்கியே" என்றார்.

காலையில் கழுவிப் பார்த்தால் விரல் கருஞ்சிவப்பு, நகத்தில் கறுப்பே ஏறியிருந்தது. "நல்லாப் புடிச்சிருக்கு. அண்ணாச்சிக்கு உங்க மேல பிரியம் ஜாஸ்தி" என்றார்கள். அண்ணாச்சி திரும்பி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். காலைப் பலகாரத்துக்கு வந்த தேங்காய்ச் சட்னி லேசான பச்சையில் ஒரு வாசனையோடு இருந்தது. யாத்திரை மேலாளர் சாரநாதன், "பேஷ், புதினா!" என்று இரண்டாம் தடவை வாங்கினார். நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை.

சம்பந்தியம்மாளின் கை வெறுமனே இருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வழக்கம்.

எல்லை தாண்டிச் சாயங்காலம் போக்கரா வந்து சேர்ந்தோம். சாரநாதன் கும்பகோணத்துக்காரர். மஞ்சள் தொப்பி, கழுத்தில் விசில். எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, துணி மாட்டும் கிளிப் போன்ற ஒரு கருவியை எடுத்தார். விரலைக் கவ்விப் பிடித்து, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று எண் காட்டுமாம்.

"மலை மேல காத்து கம்மி. தினமும் பார்ப்பேன். ஜோம்சோம்ல கடைசிப் பரீட்சை. எண்பதுக்குக் கீழே காட்டினா முக்திநாத்துக்கு அழைச்சுண்டு போகமாட்டேன். நீங்க அழுதாலும் சரி, சபிச்சாலும் சரி, கீழே இறக்கி விட்டுடுவேன்."

என் நோட்டைப் பார்த்துவிட்டு, "இத்தனை அழகா கணக்கு எழுதறேளே, எல்லாரோட நம்பரையும் நீங்களே எழுதுங்கோ" என்று பொறுப்பைக் கொடுத்தார். பெருமையாகத்தான் இருந்தது. எழுதினேன். வீட்டுக்காரர் 97. சம்பந்தியம்மாள் 98. (அந்த ஒன்று எதற்குக் கூடுதல் என்று தெரியவில்லை.) கடைசியாக என் விரலை நீட்டினேன்.

86.

வேறு விரலில் மாட்டினார். 85. கருவியை உதறி மாட்டினார். 86.

"இங்கேயே இப்படின்னா மேலே..." என்று சாரநாதன் இழுத்தார்.

"மீட்டர் தப்பா இருக்குமோ?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நான் எத்தனை வீட்டுல கேட்டிருக்கேன் இந்தக் கேள்விய! மீட்டர் பொய் சொல்லாது வல்லி. வீட்டுக்குள்ள என்ன ஓடுதுன்னு அதுக்குத்தான் தெரியும்."

வீட்டுக்குள்ளே என்ன ஓடுகிறது? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சித்திரை 12, வியாழன். தாதோபானி.

பேனி என்ற ஊர் வரை பஸ். அதற்கு மேல் ஜீப்புகள். எங்கள் ஜீப்பில் நாங்கள் மூவர், சாரநாதன், டிரைவர் தீர்க பகதூர். சாலை என்று சொல்கிறார்கள். ஒரு பக்கம் மலையைச் செதுக்கி எடுத்த சுவர். இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை, அந்த ஒன்றுமே இல்லாததற்கு அடியில் கண்டகி நதி. சாளக்கிராமம் கிடைக்கிற நதி என்பதால் எட்டிப் பார்த்துக் கும்பிட்டேன். கும்பிடக் கையை எடுத்ததில் பிடி விட்டுப்போய் சம்பந்தியம்மாள் மடியில் விழுந்தேன். பிறகு கண்ணாலேயே கும்பிட்டுக்கொண்டேன்.

நடுவழியில் ஓர் அருவி சாலை மேலேயே வந்து விழுகிறது. ஜீப்பு அதில் குளித்துவிட்டுப் போகிறது. இந்தப் பக்கம் ஒரு பனிமலை, அந்தப் பக்கம் ஒரு பனிமலை. கழுத்தை நிமிர்த்தி, இன்னும் நிமிர்த்தி, மேகம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்துக்கும் மேலே மலை இருக்கிறது. "இவ்வளவு ஒசரத்துல யாருக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

உப்பு வேலையாம். தீர்க பகதூர் சொல்ல, சாரநாதன் தமிழில் சொன்னார். அந்தக் காலத்தில் திபெத்துக்காரர்கள் கோவேறு கழுதைகளில் உப்பு மூட்டை ஏற்றி இந்த வழியாகத்தான் இறங்குவார்களாம். கீழேயிருந்து அரிசியும் பருப்பும் மேலே ஏறுமாம். நூற்றாண்டு நூற்றாண்டாக உப்பு கீழே, நெல் மேலே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் தூத்துக்குடி உப்பளம் கூப்பிடு தூரம். வெளியூர் உப்பு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பையில் இரண்டு பொட்டலம் உப்பு வைத்திருக்கிறேன். இந்தச் சாலையில் உப்பை மேலே ஏற்றிக்கொண்டு போகிற முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் அளந்தார். 82.

வெந்நீர் ஊற்றுக்கு எல்லாரும் குளிக்கப் போனார்கள். நான் அறையிலேயே உட்கார்ந்து பாவக் கணக்கு எழுதினேன். மீட்டர் பொய் சொல்லாது என்றால், ரத்தத்தில் குறைந்தது புண்ணியமாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்று: மாமியாரிடம் டிகாக்‌ஷன் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, இரண்டாவது டம்ளரை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று குடித்தது. பதினோரு வருஷம்.

இரண்டு: திருமஞ்சனத்தின்போது சன்னதியில் தூங்கியது. குறட்டையும் விட்டதாகச் சொல்கிறார்கள், சாட்சி இல்லை.

மூன்று: வீட்டுக்காரரின் ரேடியோவை உடைத்துவிட்டுப் பூனை தள்ளிவிட்டது என்று சொன்னது.

நான்காவது ஒன்று இருக்கிறது என்று மனசு சொல்கிறது. அது பாவம் இல்லை, வழக்கம். வழக்கத்தைப் பாவக் கணக்கில் எழுதக் கூடாது. எழுதவில்லை.

சித்திரை 13, வெள்ளி. காலை.

79. யாரிடமும் பேசவில்லை.

அன்றே, சாயங்காலம். கலோபானி.

பேசாமல் இருந்தால் கணக்கு தீராது என்று ஜீப்பிலேயே ஆரம்பித்தேன். மாமியார் பரமபதித்துவிட்டார்கள். அவர்களுக்காக இன்று முழுவதும் காபியைத் தொடவில்லை. குறட்டையைப் பெருமாளிடமே நேரில் சொல்ல வேண்டும், அதற்கு மேலே போக வேண்டும். மூன்றாவதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

"என்னங்க, அந்த ரேடியோவப் பூனை தள்ளல. நான்தான் தூசி தட்டும்போது போட்டுட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நம்ம வீட்ல பூனை ஏது?"

"அப்போ முப்பது வருஷமா ஏன் கேக்கல?"

"இல்லாத பூனை மேலயே பழி போட்டவ. கேட்டிருந்தா இருக்குற என் மேல போட்டிருப்பே."

சம்பந்தியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். டிரைவர், என்ன ஏது என்று தெரியாமலேயே சிரித்தான். மலை வளைவுகளில் அவன் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கலோபானியில் இறங்கினால் சுற்றிலும் பனி மலைகள், மடித்துவைத்த வெள்ளை வேட்டிகள் போல. அஸ்தமன வெயிலில் ஒவ்வொன்றாகப் பூசணிப்பூ நிறத்துக்கு மாறின. நிற்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் சாரநாதன் விசில் ஊதினார். 77.

"பூனைக்கு ரெண்டு புள்ளி குறைஞ்சிருக்கு" என்றார் வீட்டுக்காரர். வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அரை மணி கழித்து வந்து, "நீ இல்லாம நானும் மேலே போகல. அப்புறமா ஒரு தடவை வருவோம்" என்றார். முழங்கால் இப்படி இருக்கிற எனக்கு இனி எந்த அப்புறம்? நூற்றைந்தோடு நின்ற கணக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சம்பந்தியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஜாடையாக ஒரு விரலை நீட்டிக் காட்டினார்கள்.

"மைனி, எனக்கு எப்பவும் தொண்ணூத்தி நாலுக்குக் கொறையல. நாளைக்கு ஒரே போர்வையில உக்காருவோம். ஒங்க மொறை வரும்போது என் வெரல நீட்டுதேன். அவருக்கு என்ன தெரியப்போவுது?"

"பெருமாளுக்குத் தெரியும்லா?"

"பெருமாள் சாரநாதன்கிட்ட சொல்ல மாட்டாரு."

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை.

சித்திரை 14, சனி. ஜோம்சோம்.

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

வழியெல்லாம் அழகு. மார்ஃபா என்ற ஊரில் வீடுகளெல்லாம் வெள்ளை, கூரை ஓரம் முழுக்க விறகு அடுக்கியிருக்கிறார்கள், ஆப்பிள் மரங்கள் பூத்துக் கிடக்கின்றன. எனக்கு ஒன்றும் மனசில் ஏறவில்லை. பதினோரு மணிக்கு ஜோம்சோம் சேர்ந்தோம். சேரும்போதே காற்று கிளம்பிவிட்டது. தினமும் மதியத்துக்கு மேல் அப்படித்தானாம். சாரநாதனின் மஞ்சள் தொப்பி திபெத் பக்கம் போய்விட்டது.

விடுதி முற்றத்தில் பெஞ்சு போட்டுப் பரீட்சை. நானும் சம்பந்தியம்மாளும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்தோம். மடியில் நோட்டு. வீட்டுக்காரர் 92. சம்பந்தியம்மாள் 94. எழுதினேன். என் முறை வந்தது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே போனது. கிளிப்பு கவ்வியது.

"தொண்ணூத்தி நாலு! பேஷ், பேஷ்! ஒரே ராத்திரியில பெருமாள் கண் திறந்துட்டார். எழுதிக்கோங்கோ."

எழுதப் போனேன். நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு பொய் எண் எழுதியதில்லை. உப்பு அரைக் கிலோ என்றால் அரைக் கிலோதான். பேனா வரவில்லை. காற்று வேறு தாளைப் புரட்டியது. பறக்காமல் இருக்க இடது கையால் நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

சாரநாதன் என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு விரலால் எண்ணினார்.

"பேனாவில ஒரு கை. நோட்டு மேல ஒரு கை. கிளிப்பில ஒரு கை. ஏம்மா, பெருமாளுக்கு நாலு. உங்களுக்கு மூணா?"

முற்றம் முழுவதும் சிரித்தது. நான் பூமிக்குள் போய்விட மாட்டேனா என்று இருந்தது.

"ரெண்டு கை கறுப்பு, மூணாவது வெளுப்பு! என்ன சம்பந்தியம்மா இது?" என்று சாரநாதன் கேட்டார்.

"எல்லாம் ஒரே குடும்பம்லா" என்றார்கள் அவர்கள், விரலை எடுக்காமலேயே.

சாரநாதன் சிரிக்கவில்லை. என் சொந்த விரலில் மாட்டினார். 71. அவர் முகம் மாறிவிட்டது. "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார், மெதுவாக. இங்கே சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு மத்தியான ஜீப்பில் தாதோபானிக்கு இறங்க வேண்டியது என்று முடிவாயிற்று.

"நானும் எறங்குதேன்" என்றார்கள் சம்பந்தியம்மாள்.

"நீங்க எதுக்கு? ஒங்களுக்குத் தொண்ணூத்தி நாலு."

"தொண்ணூத்தி நால வச்சு நான் மட்டும் அங்க போயி என்ன செய்ய? அண்ணாச்சியும் நீங்களும் கெளம்பினா, நான் யார் மடியில விழ?"

சுகாதார நிலையத்தில் நீள பெஞ்சு. எங்களுக்கு முன்னால் நாலு பேர். வீட்டுக்காரரும் சாரநாதனும் வாசலில் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும்.

பாவக் கணக்கில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். பேரனுக்குக் காது குத்திய அன்று, அவர்கள் வீட்டுக்காரர் போய் ஏழு மாசம் ஆகியிருந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளை. சீர்வரிசையெல்லாம் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது. நான்தான் போய், "நீங்க கொஞ்சம் உள்ள இருங்க மைனி, நல்ல காரியம்" என்று சொன்னேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுக்களைக்குள் போனார்கள். தன் பேரனுக்குக் காது குத்துவதை அவர்கள் பார்க்கவில்லை. ஊர் வழக்கம் என்று அன்றைக்கும் சொன்னேன், இந்த நோட்டிலும் இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

"அன்னைக்கு ஒங்கள முன்னால நிக்கச் சொல்லிருக்கணும் மைனி" என்றேன்.

எந்த அன்றைக்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

"உள்ள இருந்தா தெரியாதுன்னு நெனச்சியளா? அவன் அழுத அழுகை நாங்குநேரிக்கே கேட்டுச்சு."

"கோவமா?"

"கோவந்தான்."

"பெறகு எதுக்கு எனக்கு மருதாணி அரைச்சிய?"

"கோவம் இருந்தா மருதாணி அரைக்கக் கூடாதா?"

அவர்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். அது குளிருக்காக இல்லை.

அப்போதுதான் நர்ஸ் கூப்பிட்டாள். கமலா என்று பெயர். வட்ட முகம், கன்னம் ரெண்டும் ஆப்பிள். என் விரலைக் கையில் எடுத்தாள். நகத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் திருப்பி, இந்தப் பக்கம் திருப்பி, சிரிக்க ஆரம்பித்தாள். சாரநாதனைக் கூப்பிட்டு ஹிந்தியில் ஏதோ சொன்னாள். சாரநாதன் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"விரல் ஐஸ் மாதிரி இருக்காம். நகத்தில இத்தனை கறுப்பு ஏறியிருந்தா வெளிச்சம் உள்ளே போகாது, கருவி தடுமாறுமாம். இங்கேயும் ஆடி மாசம் பொண்கள் மருதாணி வச்சுண்டு வந்து இப்படித்தான் பயமுறுத்துவாளாம்."

"கால் விரலில் பார்க்கலாமா?" என்று சைகையில் கேட்டாள். காலை நீட்டினேன். அங்கேயும் மருதாணி. மைனி வேலையில் குறை வைப்பதில்லை. கடைசியில் என் தோட்டைக் கழற்றச் சொல்லி, காது மடலைச் சூடு வரத் தேய்த்து, அதில் கிளிப்பை மாட்டினாள். எல்லாரும் என் காதையே பார்த்தார்கள்.

91.

மைனி அழுதுகொண்டே என்னை அடித்தார்கள். "பாவி, என் கையாலயே ஒங்களக் கீழ தள்ளப் பாத்தனே!" வீட்டுக்காரர் உள்ளே வந்து எண்ணை இரண்டு தடவை பார்த்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் பார்த்தார்.

"மீட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னியளே" என்றேன்.

"மீட்டர் சரிதான். கனெக்‌ஷன் கொடுத்த எடம் தப்பு."

நர்ஸுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. பையில் இருந்த ஒரு பொட்டலம் தூத்துக்குடி உப்பைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, நாக்கில் வைத்து, சாரநாதனிடம் ஏதோ சொன்னாள். அவள் முப்பாட்டன் இந்த வழியில் உப்பு வியாபாரம் செய்தவராம். கீழேயிருந்து உப்பு வருவதைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றியிருக்குமாம்.

இருபது எண்ணும் எப்படி ஏறியது? நர்ஸ் மருதாணி என்கிறாள். வீட்டுக்காரர் கனெக்‌ஷன் என்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து நான்காவது கணக்கைத் தீர்த்த பிறகுதான் ஏறியது என்பது எனக்குத் தெரியும். அதுவும் காதில். எங்கள் ஊர்ப் பெருமாள் காதுக் குண்டலத்துக்குப் பேர்போனவர்.

சித்திரை 15, ஞாயிறு. முக்திநாத்.

சேவித்தாயிற்று.

பேனாவில் மை உறைகிறது, அக்குளில் வைத்துச் சூடாக்கி எழுதுகிறேன். கோயிலுக்குப் பின்னால் மாட்டுத் தலை வைத்த நூற்றெட்டுத் தாரைகள் வரிசையாகக் கொட்டுகின்றன. பனி உருகின தண்ணீர். வயசானவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று சாரநாதன் விசில் ஊதினார். மைனி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். முதல் தாரையில் உயிர் போய் இரண்டாவதில் திரும்பி வந்தது. நான் எண்ணிக்கொண்டே ஓடினேன். அறுபத்து மூன்றில், "எண்ணாதிய மைனி, குளிங்க!" என்று கத்தினார்கள். எண்ணிக்கை தப்பிவிட்டது. வாழ்நாளில் முதல் தடவை.

சன்னதியில் அவர்கள் பழக்கதோஷத்தில் பின்னால் நகர்ந்தார்கள். முழங்கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினேன். குறட்டை விஷயத்தைப் பெருமாளிடம் சொன்னேன். சிரித்த மாதிரிதான் இருந்தது. சிவப்பு உடுத்தி, தலை மழித்த பெண் துறவி ஒருத்தி குங்குமத்தோடு வந்தாள். யார் யார் என்று அவள் பார்க்கவில்லை. வரிசையில் இருந்த நெற்றிக்கெல்லாம் வைத்துக்கொண்டே போனாள், மைனி நெற்றியிலும். மைனி துடைக்கக் கையைத் தூக்கினார்கள். பிடித்துக்கொண்டேன்.

"காயட்டும் மைனி. புடிக்கணும்லா."

வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மலையைப் பார்த்தார். மலை பெரியதாகத்தான் இருந்தது.

சித்திரை 16, திங்கள். இறங்கும் வழி.

இரட்டைக் கோடு போடுவதற்கு முன் கணக்கை ஒரு தடவை சரிபார்ப்பது என் வழக்கம். ஜீப்பில் மைனியைக் கேட்டேன், "நீங்க எத்தனை சேவிச்சிருக்கிய?"

"எண்ணலையே."

"எண்ணாம எப்படி மைனி சேவிச்சிய?"

"அவுக கூட்டிட்டுப் போனாக, போனேன். ஒவ்வொரு எடத்துலயும் என்ன பிரசாதம் குடுத்தாகன்னு வேணும்னா சொல்லுதேன்."

சொன்னார்கள். சோழ நாடு, தொண்டை நாடு, வடநாடு என்று புளியோதரையாகவும் பொங்கலாகவும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நான் என் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மலைநாட்டில், அதாவது கேரளாவில், செங்கண்ணூர்ப் பக்கம் ஐந்து கோயில்கள். "திருவண்வண்டூர்ல எலையில சுருட்டி ஒரு பாயசம் மைனி, ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை. பட்டியலிலும் இல்லை. எங்களுக்கு அன்றைக்கு மழை, நாலோடு திரும்பிவிட்டோம்.

அப்படியானால் நூற்றைந்து எப்படி வந்தது? பட்டியலில் எங்கள் ஊர்ப் பக்கத்து நவதிருப்பதிக்கு வந்ததும் தெரிந்தது. ஒன்பது கோயில் என்று ஒன்பது எழுதியிருக்கிறேன். அதில் இரட்டைத் திருப்பதிக் கோயில்கள் இரண்டும் சேர்ந்து நூற்றெட்டில் ஒன்றுதான். வீட்டுக்குப் பத்து மைலில் இருக்கிற பெருமாளை இரண்டு தடவை எழுதி வைத்திருக்கிறேன், இருபத்தேழு வருஷம்!

"ஒரே வீடு, ரெண்டு மீட்டர்" என்றார் வீட்டுக்காரர். "ஒரு கனெக்‌ஷனாத்தான் எடுக்கணும்."

நேற்றுச் சேவித்தது எனக்கு நூற்றைந்தாவது. மைனிக்கு டிக்கை எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். நூற்றாறு. எண்ணாதவர்களுக்கு முடிந்துவிட்டது, எண்ணிக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று பாக்கி.

சிறிது தூரம் போன பிறகுதான் உறைத்தது. ஜோம்சோமில் "நானும் எறங்குதேன்" என்று சொன்னபோது அவர்களுக்கும் இந்த ஒன்றுதான் மிச்சம்.

"ஒங்களுக்கு நூற்றாறும் ஆயிட்டு மைனி."

"அப்படியா?" என்றார்கள். அவ்வளவுதான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவுக கேட்டா சந்தோசப்படுவாக" என்றார்கள்.

"திருவண்வண்டூருக்கு ஆவணியில போவோம். நீங்களும் வரணும்" என்றேன்.

"அந்தப் பாயசத்துக்காகவாவது வாரேன்."

"மருதாணி நான் அரைக்கேன். ரெண்டு பேருக்கும்."

ஜீப்பு அருவிக்குள் நுழைந்து வெளியே வந்தது. முன் சீட்டிலிருந்து வீட்டுக்காரர் திரும்பாமலேயே சொன்னார்:

"கேரளாவுல மலை ஏற வேண்டாம், மீட்டரும் வேண்டாம். பத்து வெரலுக்கும் வச்சிக்கோங்க தங்கச்சி. ஆனா ரெண்டு பேருக்கும் மூக்கு அரிச்சா என்னால முடியாது."

மைனி இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள், தாதோபானி வரும் வரைக்கும்.

நூற்றாறாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். கோடு போடவில்லை.